டிக்கிக்குள் ஐந்து அடுக்கு

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அப்பாவின் அம்பாசடர் டிக்கியில் இருந்த கார்பெட்டை மாற்ற உட்கார்ந்தேன். பழசை உரித்து, கீழே பெருக்கி, புதுசை ஒட்டினால் முடிந்தது. மிஞ்சினால் அரை நாள் வேலை என்பது என் கணக்கு. பத்து வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு இது புரிந்திருக்க வேண்டும். பழைய கோடில் ஒரே ஒரு வரியை மாற்றப் போய் மூன்று வாரம் வெளியே வராமல் கிடந்த அனுபவம் எனக்கு உண்டு.

கார்பெட்டுக்குக் கீழே ரெக்சின் இருந்தது. ரெக்சினுக்குக் கீழே தேங்காய் நார்ப் பாய். அதற்குக் கீழே மடித்துப் போட்ட கோணிச் சாக்கு. சாக்கை இழுத்தால் அது துண்டு துண்டாக, துருவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் தகரம். அதில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு ஓட்டைகள். குனிந்து பார்த்தால் ஓட்டை வழியாக எங்கள் வீட்டு வாசல் சிமெண்ட் தெரிந்தது.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அதத் தோண்டாத கண்ணு, தோண்டுனா வேல வந்துட்டே இருக்கும்" என்றார்.

வேலை வந்தது. கூடவே இந்தக் கட்டுரையும் வந்தது.

டிக்கி என்ற சொல்

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். அமெரிக்கர்கள் டிரங்க் என்கிறார்கள். ஆரம்பகாலக் கார்களில் பின்னால் ஒரு இரும்புத் தாங்கி மட்டும்தான் இருந்தது, அதில் நிஜமான டிரங்குப் பெட்டியைத் தூக்கி வைத்து வாரால் கட்டினார்கள். 1930களில் பெட்டி காரின் உடம்போடு சேர்ந்தது. பெயர் அப்படியே தங்கிவிட்டது. ஆங்கிலேயர்கள் பூட் என்கிறார்கள், அது குதிரை வண்டிக் காலத்துச் சாமான் அறையின் பெயர்.

நாம் ஏன் டிக்கி என்கிறோம்? டிக்கி என்பது சாமான் வைக்கும் இடமே கிடையாது. அது ஒரு இருக்கை. குதிரைக் கோச்சுகளின் பின்னால், கூரை இல்லாமல், வேலைக்காரர்கள் உட்காருவதற்கு இருந்த பலகைக்கு டிக்கி என்று பெயர். பிறகு வந்த இரண்டு பேர் கார்களில் பின்பக்க மூடியைத் திறந்தால் ஒரு மடக்கு இருக்கை விரியும். அதற்கும் அதே பெயர். உள்ளே இடமில்லாதவர்கள் வெயிலிலும் தூசியிலும் அதில் உட்கார்ந்து வந்தார்கள். அந்த மாதிரிக் கார்கள் இந்தியாவுக்கு வந்தன, போயும் போய்விட்டன. மூடியைத் திறக்கும் இடத்துக்கு மட்டும் நம் ஊரில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

டிக்கிக்குள் இருக்கும் ஸ்டெப்னிக்கும் ஒரு ஊர் உண்டு. ஆரம்பத்தில் கார்களுக்கு உபரி சக்கரமே கிடையாது. பஞ்சர் ஆனால் நடுரோட்டில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். 1904ல் வேல்ஸின் லனெல்லி நகரத்தில் டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தின் மேலேயே மாட்டிக்கொள்ளும் ஒரு வளையத்தை டயரோடு செய்து விற்றார்கள். அவர்கள் கடை இருந்த தெரு ஸ்டெப்னி ஸ்ட்ரீட். அதை இன்று கோவையில் எந்தப் பஞ்சர் கடையில் சொன்னாலும் புரியும்.

எட்டு வயதில் நானும் இந்த டிக்கியில் பயணம் செய்திருக்கிறேன். முதலாளி வீட்டில் அனுமதி வாங்கி, குலதெய்வக் கோயிலுக்கு வண்டியை எடுத்துப் போனோம். உள்ளே பெரியவர்கள் ஒன்பது பேர். மூடியைத் தூக்கிக் கயிற்றால் கட்டிவிட்டு எங்கள் நான்கு பேரைப் பின்னால் உட்கார வைத்தார் அப்பா. இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் நானே திட்டுவேன். நினைவில் இருப்பது இரண்டே விஷயம்தான். பின்னோக்கிப் போகும் சாலை, அரைக்கால் டவுசருக்குக் கீழே தொடையைக் குத்திய நார்ப் பாய்.

மேலடுக்கு: கார்பெட்

சாம்பல் நிறக் கார்பெட்டைப் போட்டது 2005ல். அந்த வருடம்தான் வண்டி எங்களுக்கு வந்தது. எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கார்பெட்டைப் பிரித்துப் பார்த்தால் அதில் நெசவே கிடையாது. ஊடும் இல்லை, பாவும் இல்லை. பஞ்சு போல இழைகளைப் பரப்பி, முள் வைத்த ஆயிரக்கணக்கான ஊசிகளை மேலும் கீழும் குத்தினால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கம்பளியாகிவிடும். நீடில் பஞ்ச் என்று பெயர். இழை பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், இல்லாவிட்டால் பாலியெஸ்டர். இன்றைய கார்களின் டிக்கியில் இருக்கும் பாலியெஸ்டரில் ஒரு பகுதி பழைய தண்ணீர் பாட்டில்களை உருக்கி இழுத்தது.

பாலிப்ரோப்பிலீன் 1950களின் சரக்கு. ஜெர்மனியின் கார்ல் ஜீக்லர் கண்ட வினையூக்கியை வைத்து இத்தாலியில் ஜூலியோ நட்டா 1954ல் அதன் மூலக்கூறுகளை ஒழுங்கான வரிசையில் கட்டினார். இருவருக்கும் 1963ல் நோபல் பரிசு கிடைத்தது. தண்ணீரைவிட எடை குறைவு, தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சாது, விலை மலிவு. உலகத்தின் தரைகளை அது மெல்லப் பிடித்துக்கொண்டது.

அதற்கு முன்பு காருக்குள் கம்பளம் என்பது ஒரு அந்தஸ்து. பிரிட்டிஷ் கார்களில் சாதாரண மாடலுக்கு ரப்பர் மேட், டீலக்ஸ் மாடலுக்குக் கம்பளம் என்பது வழக்கம். ரோல்ஸ் ராய்ஸ் போன்றவற்றில் வில்டன் கம்பளி விரிப்பு. அதற்கும் முந்தைய டிரைவர் வைத்த கார்களில் இன்னொரு விசித்திரம் உண்டு. டிரைவர் இருக்கைக்குத்தான் தோல், முதலாளி இருக்கைக்குத் துணி. டிரைவர் மழையில் நனைவார், தோல் தாங்கும். முதலாளி கூரைக்குக் கீழே இருப்பார், அவருக்கு மெத்தென்ற துணி. ஒரு காரின் உள்ளே எந்த இடத்தில் என்ன விரித்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே யாருக்கு எந்த இடம் என்று தெரிந்துவிடும்.

இந்தியாவில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி எஞ்சின், சின்ன உடம்பு. கார் என்றால் உள்ளே எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை அது மாற்றிப் போட்டது. அம்பாசடர் வைத்திருந்தவர்கள் எல்லாம் குஷன் கடைகளுக்குப் போய், "மாருதில இருக்கிற மாதிரி போட்டுக் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். உக்கடத்துப் பக்கம் நாற்பது வருடமாக சீட் கவர் தைக்கும் பாய் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "அப்பல்லாம் என்ன போட்டாலும் மேல கார்பெட் தெரிஞ்சாப் போதும் தம்பி. கீழ என்ன இருக்குன்னு எவன் பாத்தான்?"

எங்கள் வண்டியிலும் அதுதான் நடந்திருக்கிறது. கீழே இருந்த எதையும் எடுக்காமல், மேலே பசை தடவி ஒட்டியிருந்தார்கள். டிக்கி மூடியைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங் வெடித்துப் பல வருடம். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, கார்பெட் அதை வெளியே விடவில்லை. மேலே கை வைத்தால் காய்ந்தது போலத்தான் இருந்தது.

இரண்டாம் அடுக்கு: ரெக்சின்

ரெக்சின் என்பது ஒரு கம்பெனியின் பெயர் என்பதே எனக்கு இந்த வேலையில்தான் தெரிந்தது. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் செய்த செயற்கைத் தோல். பருத்தித் துணியின் மேல் செல்லுலோஸ் நைட்ரேட்டும் கற்பூர எண்ணெயும் நிறமும் கலந்து பூசி, தோலின் வரி தெரியும்படி அழுத்துவார்கள். பழைய சினிமா ஃபிலிமும் செல்லுலோஸ் நைட்ரேட்தான், வெடிமருந்துப் பஞ்சும் அதே குடும்பம்தான். பிறகு பிவிசி வந்தது. பொருள் மாறியபின்னும் நம் ஊரில் பை, சோபா, பஸ் சீட் எல்லாமே ரெக்சின்தான்.

மெரூன் நிறத்தில் இருந்த இந்த ரெக்சினை 1990களின் நடுவில் போட்டதாக அப்பா சொன்னார். முதலாளி வீட்டு அம்மாவின் சூட்கேஸில் நார்த் தூசி ஒட்டுகிறது என்று புகார் வந்ததாம். பாயை எடுத்துவிடச் சொல்லவில்லை, மேலே ஏதாவது போட்டு மூடச் சொன்னார்கள்.

மூன்றாம் அடுக்கு: நார்ப் பாய்

அதைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. முனைகள் மக்கியிருந்தாலும் நடுப்பகுதி கெட்டியாக இருந்தது. நாற்பது வருடம் ஆன பொருள். ஈரத்தில் கிடந்தும் இது எப்படித் தாங்கியது? தேங்காய் நாரில் லிக்னின் அதிகம், 40 சதவீதத்துக்கு மேல். மரத்துக்கு உறுதி தருவது இந்த லிக்னின்தான். சணலில் அது மிகக் குறைவு. அதனால்தான் ஒரே ஈரத்தில் சாக்கு கரைந்து போனது, பாய் நின்றது.

நாருக்கு ஆங்கிலத்தில் காயர். நம் கயிறும் மலையாளத்துக் கயரும் போய்ச் சேர்ந்த இடம் அது. பாயாகத் தொழிற்சாலையில் நெய்ய ஆரம்பித்த கதை ஆலப்புழையில் தொடங்குகிறது. அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் இருந்து வந்த ஜேம்ஸ் டாரா, 1859ல் அங்கே டாரா ஸ்மெயில் கம்பெனியைத் தொடங்கினார். பின்னாலேயே மற்ற வெள்ளைக்காரக் கம்பெனிகள் வந்தன. லண்டன், நியூயார்க் வீடுகளின் வாசலில் கால் துடைக்கும் மிதியடிகள் ஆலப்புழைக் கால்வாய்களில் படகேறின.

பாய்க்கு முன்னால் நார், நாருக்கு முன்னால் மட்டை. தேங்காய் மட்டையைக் காயலில் மாதக்கணக்கில் ஊறப்போட வேண்டும். தண்ணீர் கறுக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஊறியதை எடுத்துக் கட்டையால் அடித்து நார் பிரிப்பது, அதைத் திரிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் வேலை. தறியில் நின்ற ஆண்களுக்குக் கூலி என்ற பெயரில் ஏதோ கிடைத்தது, தண்ணீரில் நின்ற பெண்களுக்கு அதுவும் குறைவு. 1922ல் ஆலப்புழைக் கயிறுத் தொழிலாளர்கள் திருவிதாங்கூர் லேபர் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். கேரளத்துத் தொழிற்சங்க வரலாறு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் துப்பாக்கிக்கு முன்னால் போய் நின்றவர்களில் நிறையப் பேர் கயிறு ஆலைக்காரர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1953ல் கயிறுத் தொழில் சட்டம் வந்தது, அதன்கீழ் காயர் போர்டு அமைந்தது.

பொள்ளாச்சிப் பக்கம் கதை வேறு. இங்கே காயல் இல்லை, ஊறப்போட இடமில்லை. மட்டையை இயந்திரத்தில் கொடுத்து நேராக நார் பிரிப்பார்கள். நிறம் பழுப்பு, இழை முரடு. பாய்க்கும் மிதியடிக்கும் மெத்தைக்கும் போகும். எங்கள் டிக்கிப் பாய் அந்தப் பழுப்பு ஜாதிதான்.

இதே நார் இன்னும் பெரிய கார்களுக்குள்ளும் போயிருக்கிறது. நாரின் மேல் ரப்பர் பால் தெளித்து அச்சில் அழுத்தினால் ஸ்பிரிங் மாதிரி எழும்பும் மெத்தை கிடைக்கும். பழைய மெர்சிடிஸ், ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்களின் இருக்கைக்குள் தேங்காய் நார் இருந்தது. ஃபோம் வந்த பிறகு அது போய்விட்டது. ஆனால் இன்றைக்கு அமெரிக்காவில் பழைய போர்ஷே, பழைய மெர்சிடிஸ் வைத்திருப்பவர்கள் கால் வைக்கவும் டிக்கியில் விரிக்கவும் கோகோ மேட் என்ற பெயரில் இதே நார்ப் பாயைத் தேடி வாங்குகிறார்கள். இரண்டு நிறம் கலந்து நெய்து, காரின் அளவுக்கு வெட்டி, ஓரம் தைத்துத் தருகிறார்கள். படங்களில் பார்க்க அழகாக இருக்கும்.

நான் அந்தப் படங்களை ஏற்கெனவே போனில் சேமித்து வைத்திருந்தேன்.

நான்காம் அடுக்கு: சாக்கு

டிக்கித் தகரம் சமமாக இருக்காது. பலத்துக்காக மேடும் பள்ளமுமாக அழுத்தியிருப்பார்கள். பள்ளத்தை நிரப்பச் சாக்கை மடித்துப் போடுவது டிரைவர்களின் வழக்கம். சர்க்கரை மூட்டையின் சாக்கு. அதன்மேல் நீல எழுத்தில் இரண்டு இலக்கம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

வண்டியைக் கெடுத்தது இந்தச் சாக்குதான். சணல் ஈரத்தை விரும்பும் இழை. சாதாரணக் காற்றிலேயே தன் உலர் எடையில் 13.75 சதவீதம் ஈரம் வைத்திருக்கும் என்பதுதான் வியாபாரத்தில் ஒப்புக்கொண்ட கணக்கு. மழைத் தண்ணீர் பட்டால் சொல்லவே வேண்டாம். ஈரத்துணியைத் தகரத்தின் மேல் பல வருடம் அழுத்தி வைத்தது போல ஆகிவிட்டது.

சணலை உலகத்துக்கு விற்ற ஊர் ஸ்காட்லாந்தின் டண்டி. சணல் இழை முரடு, இயந்திரத்தில் உடைந்துவிடும். டண்டி திமிங்கல வேட்டைக்குப் பேர்போன துறைமுகம். திமிங்கல எண்ணெய் தடவினால் இழை வளைகிறது என்று 1830களில் அங்கே கண்டுபிடித்தார்கள். 1850களில் கிரிமியப் போர் வந்து ரஷ்யாவின் ஆளியும் சணப்பும் தட்டுப்பட, வங்காளத்துச் சணலுக்கு யோகம் அடித்தது. 1855ல் ஜார்ஜ் ஆக்லண்ட் டண்டியில் இருந்து இயந்திரம் கொண்டுவந்து, கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் ஆலையை வைத்தார். பிறகு ஆற்றின் இரண்டு கரையிலும் ஆலைகள் முளைத்தன. முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளுக்கு மணல் மூட்டை தைத்துத் தைத்தே அவை கொழித்தன.

சாக்கு மட்டும் இல்லை. லினோலியம் என்ற தரைவிரிப்பின் அடித்துணி சணல். அமெரிக்காவில் டால்டன் என்ற ஊரில், 1895 வாக்கில் கேத்தரின் எவன்ஸ் என்ற இளம்பெண் கையால் குஞ்சம் கோத்துச் செய்த படுக்கைவிரிப்பில் இருந்து பெரிய கம்பளத் தொழிலே கிளம்பியது. அந்தக் கம்பளங்களின் முதுகும் வங்காளச் சணல்தான். 1960களிலும் 70களிலும் அந்த இடத்தை நெய்த பாலிப்ரோப்பிலீன் பிடுங்கிக்கொண்டது. ஹூக்ளிக் கரை ஆலைகள் அந்த அடியில் இருந்து எழவே இல்லை. தானியத்தையும் சர்க்கரையையும் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்று 1987ல் அரசு சட்டம் போட்டுத்தான் மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அதாவது என் டிக்கியின் மேலடுக்கு, நான்காம் அடுக்கை உலகச் சந்தையில் ஏற்கெனவே தோற்கடித்திருந்தது. பிறகு இரண்டும் ஒரே டிக்கிக்குள் இருபது வருடம் குடித்தனம் நடத்தி, நடுவில் தகரத்தைத் தின்றுவிட்டன.

ஐந்தாம் அடுக்கு: தகரம்

ஹௌராவில் லோக்கல் ரயில் ஏறினால் உத்தர்பாரா, அடுத்து ஹிந்த்மோட்டார், அடுத்து கொன்னகர், அடுத்து ரிஷ்ரா. ஹிந்த்மோட்டார் என்பது ஸ்டேஷனுக்கே வைத்த பெயர், அவ்வளவு பெரிய தொழிற்சாலை. அம்பாசடர் பிறந்த இடம். முதல் சணல் ஆலை இருந்த ஊருக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு ஸ்டேஷன்தான்.

தொடர்பு தூரத்தோடு நிற்கவில்லை. ஜி.டி. பிர்லா 1919ல் சணல் ஆலை தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் கையில் இருந்த தொழிலில் நுழைந்த முதல் இந்தியர்களில் அவர் ஒருவர். அவர் தம்பி பி.எம். பிர்லா 1942ல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸைத் தொடங்கினார். 1948ல் அது உத்தர்பாராவுக்கு வந்தது. சாக்கில் சம்பாதித்த குடும்பம்தான் நாட்டுக்குக் கார் செய்தது.

பிரிட்டனின் கௌலியில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் 1956ல் வந்து 1959ல் நின்றுவிட்டது. அதே உடம்பு உத்தர்பாராவில் 1957ல் அம்பாசடர் ஆகி 2014 மே வரை ஓடியது. 1953ல் டாரிஃப் கமிஷன், இங்கேயே உற்பத்தி செய்யத் திட்டம் இல்லாதவர்கள் கிளம்பலாம் என்றது. வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பின. மிச்சம் இருந்தவர்களுக்குப் போட்டி கிடையாது, வாங்குகிறவர்களுக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு. 2017ல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் பெஷோ கம்பெனி 80 கோடிக்கு வாங்கியது.

எங்களுடையது 1984 மார்க் 4. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், ஸ்டியரிங்கில் கியர், முன்னால் ஒரே நீள சீட். பீளமேட்டில் சின்ன பவுண்டரி வைத்திருந்த முதலாளி புக் செய்து காத்திருந்து வாங்கினார். அதை முதல் நாள் ஓட்டி வந்தவர் அப்பா. இருபத்தோரு வருடம் அவர்தான் ஓட்டினார். 2005ல் பவுண்டரி படுத்தது. முதலாளியின் பிள்ளைகள் கணக்கு முடித்தபோது, தர வேண்டிய பணத்துக்குப் பதிலாக வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தார்கள். அப்போது அந்த வண்டிக்கு என்ன விலை போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கார்பெட் போட்டார்.

பாய் யாருடையது

இப்போது என் திட்டத்தைச் சொல்கிறேன். ஓட்டையை அடைத்து, தகரத்தைச் சுத்தம் செய்து, மேலே புது நார்ப் பாய். பொள்ளாச்சியில் நெய்து, இரண்டு நிறத்தில், ஓரம் கட்டி. நம்ம ஊர்ச் சரக்கு, மக்கும் பொருள், காற்றோட்டம் இருக்கும், 1984ல் இருந்தது போலவே இருக்கும். ஒரிஜினல். போனில் இருந்த போர்ஷே படங்களை அப்பாவிடம் காட்டினேன். கேரளத்துக் கதையும் டண்டிக் கதையும் சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு அப்பா, "அது வேண்டாம்" என்றார்.

"ஏப்பா, நீங்க போட்ட பாய்தான?"

"நாம் போட்டதுதான். அதுல படுத்தவனுக்குத்தான் தெரியும் கண்ணு அது எப்படிக் குத்தும்னு."

அந்தப் பாயை அவர் படுக்கத்தான் வாங்கியிருக்கிறார். எனக்கு இது இத்தனை வருடம் தெரியாது. குருவாயூர், பழனி, மெட்ராஸ் என்று போகும்போது முதலாளி குடும்பம் லாட்ஜில் தங்கும், டிரைவருக்கு ரூம் கிடையாது. முன் சீட்டில் முடக்கிப் படுத்தால் முதுகு போய்விடும். பின் சீட்டில் படுக்கக் கூடாது, அது அவர்கள் உட்காரும் இடம். வண்டியை விட்டுத் தள்ளிப் போகவும் முடியாது, ஸ்டெப்னியும் வீல் கப்பும் திருட்டுப் போகும். டிக்கிப் பாயை உருவி வண்டிக்குப் பக்கத்தில் தரையில் போட்டுப் படுப்பார். பாய் டிக்கி அளவுதான் என்பதால் முட்டிக்குக் கீழே மண். சாமான் உருளாமல் இருக்க என்று முதலாளியிடம் சொல்லிக் காசு வாங்கியிருக்கிறார்.

"மழை வந்தா?"

"மண்டப வாசல்ல எங்கியாச்சும் ஒண்டறது. விடிஞ்சு எந்திரிச்சா முதுகெல்லாம் வரி வரியா இருக்கும். சட்டைய மேல போட்டாத் தெரியாது."

ரெக்சின் போட்டு மூடியபோது பாயை உருவ முடியாமல் போனது. அதன்பிறகு எங்கே படுத்தீர்கள் என்று கேட்டேன். பேப்பர் விரித்து என்றார். அதைச் சொன்ன விதத்தில் வருத்தம் எதுவும் இல்லை, விசாரித்ததற்குப் பதில் சொன்ன மாதிரிதான் இருந்தது.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஆலப்புழைப் பெண்களின் கையைப் பற்றிப் படித்து வருத்தப்பட்டவன் நான். எட்டு வயதில் என் தொடையில் குத்திய பாய் என் நினைவில் இனிப்பாக மாறியிருந்தது. ஒரு நாள் உட்கார்ந்தவனுக்கு அப்படி மாறும். வருடக்கணக்கில் படுத்தவருக்கு அது ஏன் மாற வேண்டும்? ஒரிஜினல் என்று நான் சொன்னதில் முதலாளியின் 1984 இருந்தது, போர்ஷேக்காரர்களின் படம் இருந்தது. 2005ல் வண்டி கைக்கு வந்ததும் அவர் எதற்காக முதலில் கார்பெட் ஒட்டினார் என்பதை நான் யோசித்ததே இல்லை. அவருக்கு இந்த வண்டியின் ஒரிஜினல் அந்த நாளில் இருந்துதான் தொடங்குகிறது போல.

"அப்ப கார்பெட்டே போட்டுரலாங்களா?"

"போடு. நல்லதாப் போடு. போன தடவ காசில்லாம மட்டமானதப் போட்டுட்டேன்."

வேலை

டிங்கர் இரண்டு ஓட்டையையும் வெட்டி, புதுத் தகரம் வைத்து வெல்டு அடித்தார். மற்ற துருவை நான் ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்தேன். பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவத்தைத் தடவினால் மிச்சத் துரு கறுத்து இறுகும். அதன்மேல் பிரைமர், அதன்மேல் பெயின்ட். டிக்கியின் பள்ளங்களில் தண்ணீர் வடிய வேண்டிய துளைகள் அழுக்கில் அடைத்துக் கிடந்தன, குத்திச் சுத்தம் செய்தேன். ரப்பர் பீடிங் புதுசு. அதை மாற்றாமல் உள்ளே என்ன விரித்தாலும் வீண் என்று பாய் இரண்டு தடவை சொன்னார்.

பழுப்புத் தாளை டிக்கிக்குள் விரித்து, ஓரங்களை விரலால் அழுத்தி, மடிப்பு விழுந்த கோட்டில் பாய் பேட்டர்ன் வெட்டினார். கண்ணுக்குச் சதுரமாகத் தெரிந்த தரையில் ஒரு பக்கம்கூட நேர்க்கோடு இல்லை. மெரூன் கார்பெட்டை அப்பாவே பல ரோல்களில் இருந்து தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். ஓரத்துக்குக் கறுப்புப் பைப்பிங். அடியில் தண்ணீர் குடிக்காத ஃபோம் ஷீட். சாக்கு கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். பசை கூடாது. நான்கு மூலையில் டிக்பட்டன் வைத்து, இழுத்தால் கையோடு வந்துவிடும்படி செய்யச் சொன்னேன். மழைக்காலத்தில் எடுத்து உதறிக் காயவைக்க வேண்டும், கீழே தகரம் எப்படி இருக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பாய் தலையாட்டினார். "மொதல்ல எல்லாம் அப்படித்தான் தம்பி இருந்துச்சு. விரிக்கிறது, எடுக்கிறது. ஒட்டற பழக்கம் பின்னாடி வந்தது."

வேலை முடிந்த அன்று சாயங்காலம் அப்பா டிக்கியைத் திறந்து, உள்ளங்கையை அழுத்தி ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை தடவினார். மீட்டர் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். பரவாயில்லை என்றார்.

பழைய நார்ப் பாயின் நல்ல பகுதியை நான் வெட்டி எடுத்து வைத்திருந்தேன், எதற்கு என்று தெரியாமலேயே. மறுநாள் காலை பார்த்தால் அதை வாசலில் போட்டு அதன்மேல் செருப்பை விட்டிருந்தார் அப்பா.